காப்பீட்டு அட்டையால் சாவு குறைகிறதா? சேலத்தையும் ஏற்காட்டையும் வைத்துப் பேசுவோம்

மிளகுக்கொடி (ஏற்காடு):

2009 ஜூலையில் கலைஞர் காப்பீடு வந்தபோது குடும்பத்துக்கு நான்கு வருஷத்துக்கும் சேர்த்து 1 லட்சம். 2012-இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018 செப்டம்பரில் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைத்து வருஷத்துக்கு 5 லட்சம் ஆக்கினார்கள். ஆட்சி மாறும்போது அட்டையில் படம் மாறும், மற்றபடி திட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கு இரண்டு கேள்வி. இதனால் சாவு குறைந்ததா? கடன் குறைந்ததா, நகை அடகுக்குப் போகாமல் தப்பியதா என்பதெல்லாம் வேறு. அதற்குப் பதில் எனக்கே தெரியும். உயிர் தப்பியதா என்று கேட்கிறேன். அடுத்தது, சேலத்தில் வசதியானவர்கள் இருக்கும் ஃபேர்லேண்ட்ஸில் பிறந்தவருக்கும் எங்கள் மலையில் பிறந்தவருக்கும் ஆயுளில் இருக்கும் இடைவெளி கொஞ்சமாவது சுருங்கியதா?

ஏற்காடு தாலுகாவில் 67 கிராமம். டவுனை ஒட்டி இருப்பவர்களை விடுங்கள். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் ஆளைத் தார் ரோட்டுக்குக் கொண்டுவரவே பாதி நாள் ஆகும். அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு, அதற்குப் பிறகுதான் சேலம். இதய அடைப்புக்கு ஸ்டென்ட், புற்றுநோய், பெரிய ஆபரேஷன் என்று எதற்கும் கீழேதான் இறங்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்தபோது அந்தப் பாதையும் அடைபட்டது. அட்டை எல்லார் வீட்டு பீரோவிலும் இருக்கிறது. இதை எல்லாருக்குமான காப்பீடு என்று சொல்லலாமா? தரவு தெரிந்தவர்கள் பேசுங்கள்.

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை):

தரவு எனக்குத் தெரியாது. எங்கள் மாமனார் கொலுசுக்கு ஒட்டு வைக்கிற வேலை. நெஞ்சுவலி வந்து அட்டையில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்றைக்கும் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து எங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அட்டை இல்லையென்றால் எங்களால் அந்தப் பணம் புரட்டியிருக்கவே முடியாது. என் கணக்கில் ஒரு உயிர் தப்பியது.

ஆனால் ஒன்று. சேர்த்த தனியார் மருத்துவமனையில் "அட்டை பேக்கேஜ் இவ்வளவுதான், மேலே ஆகிற மருந்துக்கு நீங்கள் கட்டுங்கள்" என்று தனியாக வாங்கினார்கள். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. அட்டை இருந்தால் கைக்காசு வாங்கக் கூடாது என்பது விதி என்று பிறகுதான் தெரிந்தது. சண்டை போட யாருக்குத் தெம்பு இருந்தது?

எண்ணும்எழுத்தும் (அஸ்தம்பட்டி):

மிளகுக்கொடி கேட்டது உலகம் முழுக்க ஐம்பது வருஷமாக நடக்கும் சண்டை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது ஏன் அளக்கக் கடினம்? நம் ஊரில் அட்டை எப்போது எடுக்கிறார்கள்? டாக்டர் "ஆபரேஷன் பண்ணணும்" என்று சொன்ன அடுத்த நாள்தான் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நிற்கிறார்கள். அதனால் அட்டை உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் அப்படியே ஒப்பிட்டால், அட்டை உள்ளவர்கள்தான் அதிகம் சாகிறார்கள் என்று வரும். அட்டையே ஆளைக் கொல்கிறது என்று கூடச் சொல்லிவிடலாம்! இதைத் தவிர்க்கத்தான், யாருக்குக் காப்பீடு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் குலுக்கல் முறை ஆய்வுகள் வேண்டியிருக்கின்றன.

அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1974 முதல் 1982 வரை ஒரு பெரிய சோதனை செய்தது. சில குடும்பங்களுக்கு முழு இலவச சிகிச்சை, மற்றவர்களுக்குச் செலவில் ஒரு பங்கு கைக்காசு. இலவசம் கிடைத்தவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகச் சிகிச்சை எடுத்தார்கள். சராசரி ஆளுக்கு உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏழைகளில் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் அழுத்தம் இறங்கியது. இந்த "ஏழை, ரத்த அழுத்தம்" என்பதை மனதில் வையுங்கள், கடைசியில் இங்கேதான் திரும்பி வருவோம்.

2008-இல் ஓரிகன் மாநிலம் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இடம் குறைவாக இருந்ததால் சீட்டுக் குலுக்கிப் போட்டது. ஏறக்குறைய 90,000 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவு எதிலும் உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் இல்லை. மனச்சோர்வு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. மருத்துவச் செலவால் குடும்பம் கவிழ்வது கிட்டத்தட்ட நின்றே போனது. காப்பீட்டை எதிர்ப்பவர்கள் இன்றுவரை இந்த ஆய்வைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஆனால் சாவு என்பது, நல்லவேளையாக, அரிதாக நடப்பது. சில ஆயிரம் பேரை இரண்டு வருஷம் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. லட்சக்கணக்கில் ஆள் வேண்டும். அப்படி ஒன்று தற்செயலாக அமைந்தது. காப்பீடு எடுக்காமல் அபராதம் கட்டியவர்களில் 39 லட்சம் குடும்பங்களுக்கு அமெரிக்க வருமான வரித்துறை ஒரு கடிதம் போட்டது: உங்களுக்கு இப்படி இப்படிக் காப்பீடு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று. பணம் போதாமல், குலுக்கலில் விழுந்த 6 லட்சம் குடும்பங்களுக்குக் கடிதம் போகவில்லை. 45 முதல் 64 வயது வரை உள்ளவர்களில், கடிதம் போன 1,648 பேருக்கு ஒரு சாவு அடுத்த இரண்டு வருஷத்தில் குறைந்தது. வெறும் கடிதம்! மாசச்சூசெட்ஸில் 2006-இல் எல்லாருக்கும் காப்பீடு வந்த பிறகு, மற்ற மாநிலங்களின் அதே மாதிரி மாவட்டங்களோடு ஒப்பிட்டதில் சாவு 2.9 சதவீதம் குறைந்திருந்தது. புதிதாகக் காப்பீடு பெற்ற 830 பேருக்கு ஓர் உயிர்.

ஆக, சாவு குறைகிறது. விளம்பரத்தில் வருகிற அளவுக்கு இல்லை, எதிர்ப்பவர்கள் சொல்வது போல் பூஜ்யமும் இல்லை. 50 வயதைத் தாண்டிய ஏழைகளிடம்தான் அது தெளிவாகத் தெரிகிறது.

டவுன்பஸ்13:

சார், நம்ம ஊர் ஆளுக்குக் கடிதம் போட்டா பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டான். கரண்ட் பில்லா இருக்குமோன்னு பயம்.

தறிச்சத்தம் (இளம்பிள்ளை):

அமெரிக்கக் கதை எதற்கு? அங்கே காசில்லாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டும். இங்கே அரசு மருத்துவமனை 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு தர்மபுரி, நாமக்கல் ஆட்கள் கூட வருகிறார்கள். அதற்கு அட்டை வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் குழந்தை இறப்பு எதனால் குறைந்தது? 2020 கணக்கில் ஆயிரம் குழந்தைக்கு 13, நாடு முழுவதற்கும் 28. காப்பீடா குறைத்தது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவும் பகலும் பிரசவம், கிராம சுகாதார செவிலியர், தடுப்பூசி, 1994-இல் ஆரம்பித்த மருத்துவப் பணிகள் கழகம் மூலம் மொத்தமாக மருந்து வாங்கியது. பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். வரிப்பணத்தில் இலவச மருத்துவமனை, அவ்வளவுதான். பணக்கார நாடாக இல்லாமலேயே தாய் சேய் இறப்பைக் குறைத்துக் காட்டினார்கள்.

பிரீமியம் என்று கம்பெனிக்குப் போகும் பணத்தை நேராக அரசு மருத்துவமனைக்குக் கொடுத்தால் என்ன? எனக்குப் புரிந்தவரை அட்டை என்பது அரசுப் பணம் தனியாருக்குப் போக ஒரு வாய்க்கால்.

கொலுசுப்பட்டறை:

அண்ணா, பிரசவமும் தடுப்பூசியும் வேறு, இதய அடைப்பு வேறு. என் மாமனாருக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரம் இல்லை.

வார்டு_வெளிச்சம்:

தறிச்சத்தம் அண்ணாவுக்கு ஒரு தகவல். அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் இருக்கின்றன. அங்கே அட்டையில் செய்யும் சிகிச்சைக்கும் காப்பீட்டுப் பணம் வருகிறது. கருவி வாங்க, வார்டு சரிசெய்ய, ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். அதனால்தான் அரசு மருத்துவமனையில் சேர்ந்தாலும் "அட்டை இருக்கா, அட்டை இருக்கா" என்று கேட்பார்கள். வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர் நம் வயலுக்கும் பாய்கிறது.

தறிச்சத்தம்:

கொஞ்சம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மட்டுறுத்துனர்:

இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். எந்த ஆட்சியில் எது வந்தது என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. மருத்துவமனைகளின் பெயரைச் சொல்லிக் குற்றச்சாட்டு வைக்க வேண்டாம்.

எண்ணும்எழுத்தும்:

தறிச்சத்தம் கேட்டது நியாயம்தான், இந்தியக் கதைக்கு வருகிறேன். இரண்டுமே கர்நாடகம், இரண்டும் நேர் எதிர் விடை.

2010-இல் வட கர்நாடகத்தில் வாஜ்பாயி ஆரோக்கியஸ்ரீ என்ற திட்டம் வந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு இதயம், புற்றுநோய், சிறுநீரகம் மாதிரியான பெரிய நோய்களுக்கு இலவச சிகிச்சை. முதலில் மாநிலத்தின் ஒரு பாதிக்கு மட்டும் கொடுத்ததால், எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கிராமத்தையும் அந்தப் பக்கம் இருக்கும் கிராமத்தையும் ஒப்பிட முடிந்தது. ஊர் அதே மாதிரி, மக்கள் அதே மாதிரி, திட்டம் மட்டும் ஒரு பக்கம் இல்லை. 2014-இல் வந்த முடிவுப்படி, திட்டத்தில் அடங்கிய நோய்களால் ஏழைகள் சாவது திட்டம் இருந்த பக்கம் 64 சதவீதம் குறைவு. வசதி உள்ளவர்களிடம் இரு பக்கமும் அப்படி வித்தியாசம் இல்லை. அது முக்கியம், ஏனென்றால் அவர்களுக்குத் திட்டம் கிடையாது.

இன்னொரு பக்கம், 2008-இல் வந்த ராஷ்ட்ரிய ஸ்வஸ்திய பீமா யோஜனா, வருஷத்துக்கு 30,000 ரூபாய்த் திட்டம். அதை வைத்துக் கர்நாடகத்திலேயே 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களில் குலுக்கல் முறையில் 2015 முதல் 2018 வரை சோதித்தார்கள். மருத்துவமனைக்குப் போவது கொஞ்சம் கூடியது. உடல்நலத்தில் அளக்கும்படி ஒன்றும் மாறவில்லை. அட்டையை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமல், அல்லது பயன்படுத்தப் போய் முடியாமல் திரும்பியவர்களும் நிறைய.

ஒன்று ஏன் பலித்தது, மற்றது ஏன் பலிக்கவில்லை? முதலாவது திட்டம், சிகிச்சை இல்லாவிட்டால் ஆள் செத்துவிடும் நோய்களுக்கு மட்டும் குறிவைத்தது. அதோடு கிராமத்திலேயே முகாம் போட்டு ஆளைக் கண்டுபிடித்துக் கூட்டிப்போனார்கள். அட்டையைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரவில்லை. மிளகுக்கொடி கேட்ட கேள்விக்கு இதுதான் நேரடிப் பதில் என்று நினைக்கிறேன்.

மலைச்செவிலி:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மலையில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் செல்லும். தினமும் சாப்பிடும் பிரஷர் மாத்திரைக்கு, சர்க்கரை மாத்திரைக்கு அது உதவாது. மலையில் நான் பார்த்த சாவுகளில் பாதிக்கு மேல், பத்து வருஷம் பிரஷரைக் கவனிக்காமல் விட்டுவிட்டு ஒரே நாளில் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்தவை. அந்தக் கடைசி நாளுக்கு 5 லட்சம் இருக்கிறது. அதற்கு முந்தைய பத்து வருஷத்துக்கு வேண்டியது சில ரூபாய் மாத்திரைதான். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்குப் போகிறது. அது உருப்படியான வேலை. ஆனால் பயிர் வேலைக் காலத்தில் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், வீடு பூட்டியிருக்கும். மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டு, "இப்போ ஒண்ணும் பண்ணலையே" என்று நிறுத்திவிடுவார்கள். பிரஷருக்கு வலி கிடையாது, அதுதான் பிரச்சினை.

அடுத்து நேரம். பாம்புக்கடிக்கு அட்டையால் என்ன செய்ய முடியும்? விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாது. காலையில் கண் இமை தொங்கும்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஆட்கள். அவர்களில் யாரும் பிரீமியம் கட்டாததால் சாகவில்லை.

மாரடைப்புக்கு ஒரு நல்ல செய்தி. 2023 ஜூனில் இதயம் காப்போம் என்று ஒரு திட்டம் வந்தது. நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வந்தால், கீழே அனுப்புவதற்கு முன்பே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் மூன்றையும் கொடுத்துவிட வேண்டும். மலைப்பாதையில் போகிற நேரத்தில் ரத்தக்கட்டி பெருகாமல் இருக்க அது உதவும். கொண்டை ஊசி வளைவுகளை நாம் நிமிர்த்த முடியாது. இந்த மாத்திரையை மேலேயே வைத்திருக்கலாம்.

எண்ணும்எழுத்தும்:

செவிலி அக்கா சொன்னதற்கு ஆதாரம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் மாரடைப்புக்கு ஒரு வலைப்பின்னலை ஏற்படுத்திப் பார்த்தார்கள். சின்ன மருத்துவமனைகளில் ஈ.சி.ஜி. எடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது, ரத்தக்கட்டி கரைக்கும் மருந்தை அங்கேயே போடுவது, 108 வண்டியில் கொண்டுபோய் ஆஞ்சியோ செய்வது, சிகிச்சைச் செலவை அரசுக் காப்பீடு ஏற்பது. 2,420 நோயாளிகள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். காப்பீடு தனியாகச் செய்ததா, வண்டி தனியாகச் செய்ததா என்று பிரிக்க முடியாது. பணம் யார் கட்டுவது என்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரத்தைக் காப்பீடு இல்லாமல் செய்தது. மீதியை வண்டியும் ஊசியும் செய்தன.

மிளகுக்கொடி:

சரி, முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவது? இடைவெளி?

எண்ணும்எழுத்தும்:

அதில் செய்தி அவ்வளவு நன்றாக இல்லை. பிரிட்டனில் 1948-லிருந்து எல்லாருக்கும் இலவச மருத்துவம். முப்பது வருஷம் கழித்து 1980-இல் அரசே அமைத்த குழு பிளாக் அறிக்கையைக் கொடுத்தது. எல்லா வர்க்கத்திலும் சாவு குறைந்திருந்தது. ஆனால் மேல் வர்க்கத்தில் வேகமாகக் குறைந்ததால் இடைவெளி அப்படியே நின்றது, சில இடங்களில் கூடவும் செய்தது. மைக்கேல் மார்மட் லண்டன் அரசு ஊழியர்களை ஆராய்ந்தார். எல்லாருக்கும் நிரந்தர வேலை, எல்லாருக்கும் ஒரே இலவச மருத்துவம், எல்லாரும் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். நடுத்தர வயதில் கடைநிலை ஊழியர் சாகும் விகிதம் உயர் அதிகாரியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைபிடிப்பதை எல்லாம் கழித்த பிறகும் பெரும்பகுதி மிஞ்சியது.

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர் ஊரில் இருந்த ஒரு டாக்டர் 1971-இல் எழுதினார்: நல்ல மருத்துவம் கிடைப்பது, அது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாக இருக்கிறது. ஃபேர்லேண்ட்ஸ், ஏற்காடு என்று மிளகுக்கொடி சொன்னதும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். 5 லட்சம் என்ற தொகை இருவருக்கும் ஒன்று. ஆனால் சேலத்தில் இருப்பவர் அதில் எளிதாக 2 லட்சத்துக்கு சிகிச்சை எடுத்துவிடுவார். மலையில் இருப்பவருக்கு அந்த 5 லட்சமும் அட்டையிலேயே இருக்கும்.

தறிச்சத்தம்:

இதைத்தானே நானும் சொன்னேன்!

எண்ணும்எழுத்தும்:

பாதி சொன்னீர்கள், அண்ணா. இடைவெளியைச் சுருக்கிய காப்பீடும் ஒன்று இருக்கிறது. தாய்லாந்து. 2001-இல் தொடங்கி 2002-க்குள், எந்தக் காப்பீடும் இல்லாத எல்லாரையும் ஒரே திட்டத்தில் சேர்த்தார்கள். ஒரு தடவை போனால் 30 பாட், ஏழைகளுக்கு அதுவும் இல்லை. அதற்கு முன்பு அங்கேயும் ஏழை மாகாணத்தில் குழந்தை இறப்பு அதிகம், பணக்கார மாகாணத்தில் குறைவு. திட்டத்துக்குப் பிறகு அந்தத் தொடர்பே காணாமல் போனது என்று 2014-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

எப்படி? அவர்கள் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு உள்ளூர் மாவட்ட மருத்துவமனைக்கே அனுப்பினார்கள். ஏழைகள் அதிகம் உள்ள ஊருக்கு முன்பு கிடைத்ததைவிட அதிகப் பணம் போனது. வெளி நோயாளியும் அதில் அடக்கம், மாத்திரையும் அடக்கம். அதோடு படித்து முடித்த டாக்டர்களை கிராமத்துக்கு அனுப்பும் வழக்கம் அங்கே முன்பிருந்தே இருந்தது. நாம் நோய் வந்த ஆளின் பின்னால் பணத்தை அனுப்புகிறோம். ஆள் எங்கே போகிறாரோ பணம் அங்கே போகும், அதாவது சேலத்துக்கு, கோயம்புத்தூருக்கு. அவர்கள் பணத்தை ஊருக்கு அனுப்பினார்கள்.

வார்டு_வெளிச்சம்:

தாய்லாந்து மாதிரி நமக்கும் செய்யலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. மலையில் டாக்டர் தங்க வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மழைக்காலத்தில் கரண்ட் இதெல்லாம் யார் பார்ப்பது? ஏற்காட்டுக்கு வார விடுமுறையில் ஆயிரம் கார் வரும், ஒரு மயக்க மருந்து டாக்டர் நிரந்தரமாக வந்து தங்குவதுதான் கஷ்டம்.

தறிச்சத்தம்:

"எல்லாருக்கும்" என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். வருமான வரம்பு வருஷத்துக்கு 72,000 ஆக இருந்தது, பிறகு 1,20,000 ஆக்கினார்கள். குடும்பத்துக்கு மாதம் 10,000. எங்கள் ஊரில் தறி ஓட்டுபவருக்கு நாளைக்கு 600 வந்தால்கூட மாதம் 25 நாளில் 15,000. உண்மையைச் சொன்னால் அவருக்கு அட்டை கிடையாது. அவர் மனைவியும் தறிக்கு நூல் தார் சுற்றினால் இன்னும் மோசம். சம்பளத் தொழிலாளருக்கான இ.எஸ்.ஐ. காப்பீட்டில் வரம்பு மாதம் 21,000 என்று கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். நாலு தறி போட்ட கொட்டகைக்கு இ.எஸ்.ஐ. எங்கே வரும்? ஆக, ஏழை என்று சான்று வாங்கத் தெரிந்தவருக்கு அட்டை, சம்பளப் பட்டியலில் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ., வசதி உள்ளவருக்குத் தனியார் பாலிசி. நடுவில் நிற்பவர் கந்து வட்டிக்காரரிடம் போகிறார்.

கொலுசுப்பட்டறை:

எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அந்த நடுவில்தான். வெள்ளி விலை ஏறினால் பட்டறை முதலாளி பணக்காரன் என்று ஊர் நினைக்கும். நாங்கள் கூலிக்குச் செய்து கொடுப்பவர்கள், வெள்ளி எங்களுடையது இல்லை. கிராம நிர்வாக அலுவலர் அதைப் புரிந்துகொண்டு சான்று கொடுத்தார் என்பதால்தான் மாமனாருக்கு அட்டை வந்தது. வேறு ஆள் இருந்திருந்தால் தெரியாது.

மலைச்செவிலி:

எஸ்டேட் ஆட்களிலும் இதே பிரிவு உண்டு. 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று இருந்தது. நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் அது கைக்கு வந்தது. இப்போது காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் வரும் கூலி ஆட்கள்தான் அதிகம், வட மாநிலத்திலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கு இங்கே ரேஷன் கார்டு இல்லை. அதனால் மாநில அட்டையும் கைக்கு வருவதில்லை. அந்த ஆட்களின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூட தூக்கி வரத் தயங்குகிறார்கள், பணம் கேட்பார்கள் என்று பயம். அரசு மருத்துவமனையில் யாருக்கும் எந்த அட்டையும் வேண்டாம் என்று நான் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன்.

டவுன்பஸ்13:

நான் கிண்டல் பண்ண வந்தேன், இப்போ உட்கார்ந்து எல்லாத்தையும் படிக்கிறேன். ஒரு சந்தேகம். ஆபரேஷன் இலவசம்னா அடித்துப் பிடித்துச் செய்துவிடுவார்களே, தேவையில்லாமல்? அதனால் சாவு கூடாதா?

வார்டு_வெளிச்சம்:

கூடலாம். பேக்கேஜில் பணம் வருகிறது என்பதற்காகத் தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கம் செய்ததாகப் பல மாநிலங்களில் புகார் வந்தது. அதனால்தான் பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி, ஸ்கேன், போட்டோ என்று கேட்கிறார்கள். அந்த அனுமதிக்குக் காத்திருக்கும்போது உண்மையில் அவசரமான ஆள் தவிக்கிறார். இரண்டு பக்கமும் இடிதான். ஒரு கணக்கும் உண்டு: 2018-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், ஏழை மற்றும் நடுத்தர நாடுகளில் மருத்துவத்தால் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் வருஷத்துக்கு 86 லட்சம். அதில் 50 லட்சம் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தும் சிகிச்சையின் தரம் சரியில்லாததால். வராமலே இறந்தவர்கள் 36 லட்சம். அட்டை ஆளை வாசல்வரை கொண்டுவரும். உள்ளே என்ன நடக்கிறது என்பது வேறு.

எண்ணும்எழுத்தும்:

இது நல்ல புள்ளி. செலவுப் பக்கம் மட்டும் ஒரு வரி: இந்தியாவில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசு 2013-14-இல் 64.2 சதவீதம். 2021-22-இல் 39.4. கணக்கு முறை பற்றிக் கேள்வி கேட்பவர்கள் உண்டு, ஆனாலும் போகும் திசை தெரிகிறது.

மிளகுக்கொடி:

எல்லாருக்கும் நன்றி. எனக்கு விளங்கியது இதுதான்: அட்டை சாவைக் குறைக்கிறது, ஆனால் அது வேலை செய்ய ஆள் உயிரோடு சேலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கள் மலைக்கு இப்போது வேண்டியது அட்டையில் இன்னொரு லட்சம் கூட்டுவதில்லை. கிராமத்தில் முகாம், மாதம் தவறாத மாத்திரை, மேலேயே நெஞ்சுவலி மருந்து, இரவில் வரும் வண்டி.

அடுத்த கிராம சபையில் கேட்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் "அங்கே சாகிறார்கள், இங்கே சாகிறார்கள்" என்று பொத்தாம் பொதுவாகப் பேசினால் சிரித்துவிட்டுத் தீர்மானம் எழுதிக்கொள்வார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் கடந்த ஒரு வருஷத்துச் சாவுகளை மட்டும் எழுதி எடுத்துப் போகலாமா? என்னென்ன எழுத வேண்டும்?

எண்ணும்எழுத்தும்:

கட்டாயம் எழுதுங்கள். எங்கே இறந்தார் என்பதுதான் முதலில்: வீட்டிலா, வழியிலா, கீழே மருத்துவமனையிலா. வழியில் இறந்தவர்கள் அதிகம் என்றால் வண்டி கேளுங்கள். வீட்டில் என்றால் முகாமும் செவிலியரும். கீழே என்றால் விஷயம் வேறு.

மலைச்செவிலி:

பெயர் எழுத வேண்டாம். சின்ன ஊர், யார் என்று தெரிந்துவிடும். குடும்பத்தைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

மிளகுக்கொடி:

சரிங்க அக்கா. வயது, நோய், வலி வந்த நேரம், வண்டி வந்த நேரம், எங்கே இறந்தார், அட்டை இருந்ததா. ஊர்ப் பெயரையும் விட்டுவிட்டு ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் போடுகிறேன்.

மலைச்செவிலி:

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார்கள். பெரும்பாலும் "பார்த்ததே இல்லை" என்றுதான் சொல்வார்கள். அதையும் அப்படியே எழுதுங்கள்.